தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போங்கள்: கேப் டவுன் முதல் மலாவி ஏரி வரை

கேள்வி இது: நானும் என் கல்லூரித் தோழனும் ஆறு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறோம். கேப் டவுனில் இறங்கி, முதுகில் பையோடு, பேருந்திலும் உள்ளூர் வேன்களிலும் ஏறி ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுற்றிவர ஆசை. எட்டு நாடுகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறோம். முடியுமா? ஆபத்தா? இருவராகப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். ஆனால் எட்டை ஐந்தாக்குங்கள்.

2023 ஜூன், ஜூலையில் நானும் என் நண்பனும் இதே நிலத்தில் 43 நாள் அலைந்தோம். எங்களிடமும் நீளமான பட்டியல் இருந்தது. இரண்டாவது வாரமே அது கைவிட்டுப் போனது. காரணம் தூரம். நமீபியா மட்டுமே தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்குக்கு மேல் பெரியது; அவ்வளவு பெரிய நாட்டில் மொத்தமே 30 லட்சம் பேர். கேப் டவுனிலிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்குக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். ஒரு பகலும் ஒரு இரவும் முழுதாகப் போய்விடும். வரைபடத்தில் ஒரு விரற்கடைதான் தெரியும். அந்த விரற்கடைக்குள் ஒரு ஊர்கூடக் கண்ணில் படாத இரண்டு மணி நேரங்கள் பல இருக்கின்றன.

பட்டியலைக் கைவிட்ட பிறகு எங்களுக்கு வழிகாட்டியது தண்ணீர்தான். திட்டம் போட்டு அப்படி அமைத்ததில்லை; போகப் போகத்தான் புரிந்தது. அந்தப் பகுதியில் ஊர் எங்கே இருக்கிறது, விலங்கு எங்கே நிற்கிறது, போர் ஏன் நடந்தது, எல்லைக்கோடு ஏன் அப்படிக் கோணலாகப் போகிறது என்று எதைக் கேட்டாலும் பதில் தண்ணீரில் போய் முடிகிறது. ஆகவே உங்களுக்கும் அதே வழியைச் சொல்கிறேன்: அட்லாண்டிக் கரையில் தொடங்கி, பாலைவனம் கடந்து, ஒகவாங்கோ ஆற்றைப் பிடித்து, ஜாம்பெசிக்கு மாறி, மலாவி ஏரியில் முடியுங்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, மலாவி என்று ஐந்து நாடு. விக்டோரியா அருவியில் பாலம் தாண்டி ஒரு நாள் ஜிம்பாப்வே. ஆறு வாரத்துக்கு இதுவே நிறைய.

மாதம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அங்கே அது குளிர்காலம், நமீபியாவிலிருந்து மலாவி வரை மழை கிடையாது. கொசு குறைவு, மண்சாலை சேறாகாது, புல் காய்ந்துவிடுவதால் விலங்குகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். "ஆப்பிரிக்காதானே" என்று நான் ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துப் போனேன். நமீப் பாலைவனத்தில் விடியற்காலை கூடாரத்துக்கு வெளியே வைத்த தண்ணீர் பாட்டிலில் மேலே மெல்லிய பனித்தகடு இருந்தது. நல்ல தூங்குபையும் காதை மூடும் குல்லாயும் கட்டாயம்.

கேப் டவுனில் நான்கு நாள் போதும். மேசை மலையிலிருந்து இறங்கும் நன்னீர் ஓடைகளுக்காகத்தான் 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கடை விரித்தது; இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் குடிநீர் பிடிக்கும் துறை அது. அதே நகரம் 2018-இல் குழாயை மொத்தமாக மூட வேண்டிய நிலைக்கு மிக அருகில் போய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்த நகரத்தின் கதையை விளக்க வேண்டியதில்லை. இருட்டிய பிறகு அங்கே நடக்காதீர்கள். மலைப்பாதையில் இருவராகக்கூட வேண்டாம். நான்கைந்து பேராகப் போங்கள்.

பேருந்து வடக்கே போகும்போது ஆரஞ்சு ஆற்றைத் தாண்டும். நாமா மக்கள் அதைக் காரீப் என்பார்கள். அதுதான் எல்லை. தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவிலும் அப்படியே செல்லும். ஒரு நமீபிய டாலருக்கு ஒரு ராண்ட். திரும்பி வரும்போது நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் வாங்க மாட்டார்கள், எனவே அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

நமீபியாவில் ஒரு விஷயம் உங்கள் ஆசைக்கு ஒத்து வராது. ஊருக்கு ஊர் வேன் உண்டு. ஆனால் நீங்கள் பார்க்க நினைக்கும் சோசஸ்வ்லேய் மணல்மேடுகளுக்கோ எட்டோஷா சரணாலயத்துக்கோ பொதுப் போக்குவரத்து கிடையாது. ஒரு வாரத்துக்காவது கார் எடுத்தாக வேண்டும். விண்ட்ஹூக் விடுதியில் எங்களைப் போல் இன்னும் இருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். நால்வருமாகச் சேர்ந்து ஒரு காரை எடுத்தோம், செலவு நாலாகப் பிரிந்தது. விடுதி அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், ஆள் கிடைப்பார்கள். இந்த ஐந்து நாட்டிலும் வண்டி நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓடும். அதனால் வரும் தைரியத்தில் சரளைச் சாலையில் வேகம் எடுக்காதீர்கள். எண்பதைத் தாண்டினால் வண்டி சோப்பு மேல் நிற்பதுபோல் நழுவும். உபரிச் சக்கரம் இரண்டு கேட்டு வாங்குங்கள். பொழுது சாய்ந்த பின் ஓட்டவே வேண்டாம். குடு மான் ஒன்று குறுக்கே பாய்ந்தால் கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும்.

சோசஸ்வ்லேய்க்கு நுழைவாயில் செஸ்ரீம். அந்தப் பெயருக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆறு தோல்வார் என்று பொருள். பழைய காலத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் அங்குள்ள பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து நீர் இறைக்க ஆறு வார்களை முடிச்சுப் போட்டு வாளியை இறக்கினார்களாம். கிணற்றுக் கயிற்றின் நீளத்தை வைத்து ஊருக்குப் பெயர். நுழைவாயிலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே மணல்மேடுகளுக்குக் கிளம்பலாம்; அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். தார்ச்சாலை அறுபது கிலோமீட்டர், கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ்மணல். அங்கே சாதாரணக் காரை விட்டுவிட்டு அவர்களுடைய வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். சௌசாப் என்ற ஆறு கடலைத் தேடி வந்து, மணல்மேடுகள் மறித்ததால் அங்கேயே செத்துப்போகிறது. பக்கத்தில் இருக்கும் டெட்வ்லேயில் ஆறு வழி மாறிப்போய் 600, 700 ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன முள்மரங்கள் இன்னமும் நிற்கின்றன. காற்றில் ஈரமே இல்லாததால் அவை மக்கவில்லை. நண்பன் ஒரு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றான், படம் எடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அங்கிருந்து கடற்கரை ஊரான ஸ்வாகொப்முண்ட். பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. அதனால் மழை வராது, மூடுபனி வரும். அந்தப் பனியை நம்பித்தான் பாலைவனம் உயிரோடு இருக்கிறது. ஒரு வகைக் கருவண்டு மணல்மேட்டு உச்சியில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரும்வரை காத்திருக்கும். வெல்விட்சியா என்ற செடி இரண்டே இரண்டு இலையை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்கிறது.

ஸ்வாகொப்முண்டில் பேக்கரியும் ஜெர்மன் பாணி வீடுகளும் அழகாக இருக்கும். அதோடு திரும்பி விடாதீர்கள், ஊர் இடுகாட்டின் ஓரத்துக்கும் போங்கள். பெயர்ப்பலகை இல்லாத மண்மேடுகள் வரிசையாகக் கிடக்கும். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் காலனிப் படை ஹெரேரோ, நாமா மக்களை இனமாகவே அழிக்க முனைந்தது. ஹெரேரோக்களை ஓமஹேக்கே என்னும் நீரற்ற வெளிக்குள் துரத்திவிட்டு, திரும்பி வர முடியாதபடி நீர்நிலைகளை அடைத்துக் காவல் வைத்தது. தப்பியவர்களைக் கடலோர முகாம்களில் அடைத்தது. அந்த மண்மேடுகளில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஜெர்மன் அரசு இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 2021-இல். தாகம் ஆயுதமாக்கப்பட்ட அந்த நாட்டில் நீங்கள் பாட்டில் தண்ணீரோடு நடக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எட்டோஷாவில் காரை ஓட்டி ஓட்டி விலங்கு தேடுவதைவிட ஒகாகுவேயோ முகாமில் நீர்க்குட்டையின் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். இரவு முழுதும் மங்கலான விளக்கு எரியும், சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சு போட்டிருக்கும். நாங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரவு ஒரு மணி வரை இருந்தோம். முதலில் ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. குனிந்து குடிக்க அவை காலை அகட்டுவதற்கே பத்து நிமிடம் தயங்கும். பிறகு ஒரு கருங்காண்டாமிருகம் குட்டியோடு வந்தது. அதன்பின் யானைக்கூட்டம் வந்ததும் மற்றவை ஒதுங்கி நின்றன. வேறு எந்தச் சத்தமும் இல்லை, உறிஞ்சும் சத்தம் மட்டும்தான்.

காரைத் திருப்பிக் கொடுத்ததும் உண்மையான முதுகுப்பைப் பயணம் தொடங்கும். விண்ட்ஹூக்கிலிருந்து ருண்டுவுக்கு 700 கிலோமீட்டர். வேன் நிலையத்தில் நேரப் பலகை எதுவும் கிடையாது. கோம்பி என்பார்கள் அந்த வேனை. ஆள் நிரம்பினால்தான் புறப்படும். காலை ஐந்தரைக்குப் போய்விடுங்கள். வண்டி கிட்டத்தட்ட நிரம்பியதாகத் தெரிந்தாலும் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் மூட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சில நிலையங்களில் நிலையத்துப் பையன்களே பயணிபோல் உட்கார்ந்து கூட்டம் காட்டுவார்கள். நீங்கள் ஏறியதும் ஒவ்வொருவராக இறங்கிவிடுவார்கள். கட்டணத்தை ஓட்டுநரிடம் கேட்காமல் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் கேளுங்கள். பையை மேலே கட்டினால் பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் உங்கள் மடியில் இருக்க வேண்டும்.

ஆரஞ்சு ஆற்றுக்குப் பிறகு ருண்டுவில்தான் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தோம். ஒகவாங்கோ. அக்கரை அங்கோலா. பாலைவனத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு அதன் கரையில் நின்றபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. முதலையும் நீர்யானையும் உண்டு, ஆகவே காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே வரைபடத்தில் ஒரு விரல்போல் நீண்டிருக்கிறதே, அதுதான் கப்ரிவி பட்டை. அதன் கிழக்குப் பகுதிக்கு 2013 முதல் ஜாம்பெசி வட்டாரம் என்று பெயர். 1890-இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் ஜெர்மனி இதைக் கேட்டு வாங்கியது. ஜாம்பெசி ஆற்றைப் பிடித்துவிட்டால் படகிலேயே இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்பது கணக்கு. நடுவில் விக்டோரியா அருவி இருந்தது. அந்தக் கணக்குப் பிழைக்காக நமீபியா இன்றும் 450 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கையை நீட்டிக்கொண்டிருக்கிறது.

திவுண்டு என்ற சிற்றூரில் சாலை பிரியும். தெற்கே திரும்பினால் போட்ஸ்வானா எல்லை முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வழி மஹாங்கோ சரணாலயத்துக்குள் போகிறது, நடக்க அனுமதியில்லை, பேருந்தும் இல்லை. யாராவது ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. நாங்கள் காலை ஏழு முதல் மூன்றரை வரை ஒரு மரத்தடியில் இருந்தோம். அந்த எட்டரை மணி நேரத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. பட்டையின் கிழக்கே உள்ள கட்டிமா ஊர் வழியாகப் போய்விடலாம் என்றான் அவன். நான் ஒகவாங்கோவை விட மனமில்லாமல் மறுத்தேன். பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது: யார் எந்த ஊரில் எவ்வளவு செலவழித்தது, யாருக்காக யார் காத்திருந்தது. கடைசியில் சோளமாவு மூட்டை ஏற்றிய பக்கி ஒன்று நின்றது. திறந்த பின்புறம் உள்ள சிறு லாரிக்கு அங்கே அந்தப் பெயர். மூட்டைகளின் மேல் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லையைச் சேர்ந்தோம். (அங்கே வண்டியில் ஏற்றிக்கொள்பவருக்குப் பேருந்துக் கட்டணம் அளவுக்குப் பணம் கொடுப்பது வழக்கம். ஏறும்முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

அன்றிரவு இரண்டு ஏற்பாடு செய்துகொண்டோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், புறப்படும் முன்பே செய்துகொள்ளுங்கள். ஒன்று, பொதுப்பணம்: இருவரும் சம அளவு போட்டு ஒரே பையில் வைத்து, தங்கல், சாப்பாடு, வண்டி மூன்றும் அதிலிருந்து, மற்றதெல்லாம் அவரவர் கையிலிருந்து. கணக்கே எழுத வேண்டாம், தீர்ந்ததும் மறுபடி சமமாகப் போட வேண்டியதுதான். இரண்டு, முடிவு எடுப்பவர்: ஒற்றைத் தேதியில் ஒருவர் சொல்வது, இரட்டைத் தேதியில் மற்றவர் சொல்வது. அன்றைய ஆள் தவறாக முடிவெடுத்தாலும் மற்றவர் அன்று எதிர்த்துப் பேசக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் தனித்தனியாகச் சுற்றுவதும் நல்லது. நெருங்கிய நண்பனையே மூன்று வாரம் ஒரே கூடாரத்தில் பார்த்தால் அவன் பல் தேய்ப்பதுகூட எரிச்சலாக இருக்கும். அது நட்பின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், களைப்பு.

போட்ஸ்வானாவுக்குள் நுழையும்போது செருப்பு, ஷூ எல்லாவற்றையும் மருந்து நீரில் நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள். கோமாரி நோயைத் தடுக்க. பையில் பச்சை இறைச்சி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் புலா. மழை என்று பொருள். வாழ்த்தும்போதும் கூட்டங்களிலும் "புலா!" என்றுதான் முழங்குவார்கள். வழி கேட்கும்முன் ஆணாக இருந்தால் "டுமேலா ரா", பெண்ணாக இருந்தால் "டுமேலா மா" என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் நேரே கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பணம் கொடுக்கும்போது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

மவுனில் இறங்கி ஒகவாங்கோ கழிமுகத்துக்குப் போகலாம். கழிமுகம் என்று சொல்கிறோம், ஆனால் அந்த ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை; கலஹாரி மணலில் விரிந்து, வெயிலுக்கும் வேருக்கும் தன்னைக் கொடுத்துவிட்டு முடிகிறது. அங்கோலா மலைகளில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை, நிலம் தட்டையாக இருப்பதால் நத்தைபோல் ஊர்ந்து, மவுன் பக்கம் ஜூன், ஜூலையில் வந்து சேரும். அதாவது அங்கே மழையே இல்லாத மாதத்தில் வெள்ளம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலின் ஆயிரமாவது இடமாக இதைச் சேர்த்தார்கள். விமானத்தில் போய் இறங்கும் ஆடம்பர முகாம்களின் விலையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மவுனில் படகோட்டிகளின் சமூக அறக்கட்டளை இருக்கிறது. கூடாரமும் அரிசியும் நீங்களே கொண்டுபோனால், மோகோரோ படகும் படகோட்டியும் மட்டும் அமர்த்திக்கொண்டு இரண்டு இரவு உள்ளே தங்கலாம்.

மோகோரோ முன்பு ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. இப்போது மரத்தைக் காப்பாற்ற பெரும்பாலும் ஃபைபர் கண்ணாடி. படகோட்டி பின்னால் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளுவார். எங்கள் படகோட்டி ஆழமான கால்வாய்களை வேண்டுமென்றே விட்டு, நாணல் முகத்தில் உரசும் ஆழமற்ற வழியாகவே போனார். நீர்யானை ஆழத்தில் இருக்கும் என்பது காரணம். உட்கார்ந்தால் நீர்மட்டம் இடுப்புக்கு நேராக இருக்கும். அல்லி இலைகள் காதோரம் நகரும். அங்குள்ள தீவுகள் பலவும் கரையான் புற்றில் தொடங்கியவை என்று அவர் காட்டினார்: புற்று மேட்டில் பறவை எச்சம், அதில் மரம், மரத்தைச் சுற்றி மண். இரவில் தீயை விட்டு இருபதடி தள்ளிப் போவதானால் அவரைக் கூப்பிடச் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தோம். காலையில் கூடாரத்துக்குப் பத்தடியில் யானைக் காலடி இருந்தது.

மவுனிலிருந்து நாட்டா, நாட்டாவிலிருந்து கசானே; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பகல் பேருந்திலேயே போங்கள். யானைகள் சாலையைக் கடக்கும், ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். இந்த நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் யானைகள் இருக்கின்றன. கசானேயில் சோபே ஆற்றில் மாலைப் படகு எடுங்கள், அந்தச் செலவு தகும். அடுத்த நாள் கசுங்குலா பாலத்தின் மேல் நடந்தே ஜாம்பெசியைத் தாண்டி ஜாம்பியாவுக்குள் போகலாம். 2021 மே மாதம் திறந்த 923 மீட்டர் பாலம். வளைந்து போகும், நேராகக் கட்டியிருந்தால் ஜிம்பாப்வே எல்லைக்குள் விழுந்திருக்கும். அதற்கு முன் லாரிகள் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற இடம் அது.

விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் உள்ள லிவிங்ஸ்டன் ஊரில் நண்பனுக்குக் காய்ச்சல் வந்தது. கேப் டவுனிலும் நமீப் பாலைவனத்திலும் மலேரியா கிடையாது. நமீபியாவின் வடக்கிலும் அங்கிருந்து கிழக்கேயும் உண்டு. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவன் எனக்குச் சொல்லாமல் சில நாள் விட்டிருந்தான். "வெயில் பட்டது, தூங்கினால் சரியாகும்" என்றான். அன்று இரட்டைத் தேதி, முடிவு என்னுடையது. கையைப் பிடித்துச் சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு இழுத்துப் போனேன். விரலில் குத்தி இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள், மலேரியா என்று. மூன்று நாள் மாத்திரை, ஐந்தாம் நாள் நடந்தான். அந்தப் பகுதியிலும் ஊர் திரும்பிய பின்னும் காய்ச்சல் வந்தால், மலேரியா இல்லை என்று இரத்தம் சொல்லும்வரை அது மலேரியாதான். அன்றே சோதியுங்கள். தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் நான்கு வாரம், அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் ஒரு வாரம் தொடர வேண்டும். ஒருவர் விழுங்குவதை மற்றவர் கண்ணால் பார்க்க வேண்டும். இருவராகப் போவதன் மிகப் பெரிய பயன் எனக்கு இதுதான்.

அருவியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் ஆழம், மோசி-ஓவா-துன்யா என்று உள்ளூர்ப் பெயர், இடிமுழக்கும் புகை. ஏப்ரலில் போனால் நீர்த்திவலையில் ஒன்றுமே தெரியாது; அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் வெறும் பாறையாகிவிடும். ஜூன், ஜூலை இரண்டுக்கும் நடுவே. பௌர்ணமி இரவுகளில் பூங்காவைத் திறந்து வைப்பார்கள், நிலவொளியில் வானவில் தெரியும். தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். 1905-இல் கட்டிய பாலத்தின் வழியாக ஜிம்பாப்வே பக்கமும் போய்ப் பாருங்கள், அருவியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் தெரியும். அங்கே சில்லறை அமெரிக்க டாலர் நோட்டு வேண்டும், இருபதைக் கொடுத்தால் மீதி கிடைப்பது கஷ்டம். ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்து காஸா என்ற கூட்டு விசா உண்டு. நீங்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்லவில்லை; ஐந்து நாட்டுத் தூதரகத்திலும் தனித்தனியே கேட்டு உறுதி செய்யுங்கள். தென்னாப்பிரிக்க விசாவுக்கே இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் நிறைய இருக்கட்டும்.

லிவிங்ஸ்டனிலிருந்து லுசாக்கா போகும் வழியில் சோமா என்ற ஊரில் டோங்கா மக்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரும்பாலோர் பேருந்து ஜன்னலோடு கடந்துவிடுகிறார்கள். இறங்குங்கள். 1955 முதல் 1959 வரை ஜாம்பெசியின் குறுக்கே கரீபா அணை கட்டியபோது இரு கரையிலும் ஏறத்தாழ 57,000 டோங்கா மக்களை வளமான ஆற்றங்கரையிலிருந்து எடுத்து வறண்ட மேட்டு நிலத்தில் போட்டார்கள். ஆற்றில் ந்யாமிந்யாமி என்ற தெய்வம், மீன் தலையும் பாம்பு உடலும் கொண்டது. சுவர் எழுப்பினால் மனைவியிடமிருந்து பிரிந்துவிடும், சும்மா இருக்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். 1957-இலும் 1958-இலும் இதுவரை காணாத வெள்ளம் வந்து கட்டுமானத்தை அடித்தது. ஆனாலும் அணை எழுந்தது. மின்சாரம் செம்புச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. இடம்பெயர்ந்தவர்களின் ஊர்கள் பல பத்தாண்டுகள் இருட்டில் இருந்தன. நேரம் இருந்தால் லுசாக்காவிலிருந்து சியாவோங்கா போய் அந்த ஏரியைப் பாருங்கள். 2024 வறட்சியில் ஏரி வற்றி ஜாம்பியா முழுதும் நீண்ட மின்வெட்டு இருந்தது. பவர் பேங்க் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

சாப்பாடு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்ஸா, ஜாம்பியாவில் ந்ஷிமா, மலாவியில் ந்சிமா: எல்லாம் வெள்ளை மக்காச்சோளமாவுக் களிதான். கை கழுவ முதலில் கிண்ணம் வரும். வலக்கையால் பிட்டு உருட்டி, குழி செய்து, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கரீபா ஏரியில் பிடிக்கும் கப்பெந்தா என்னும் பொடிமீனை உலர்த்தித் தக்காளி வெங்காயத்தில் வதக்கித் தருவார்கள், நெத்திலிக் கருவாட்டுத் தொக்குக்கு அண்ணன் தம்பி. சைவம் என்றால் இஃபிசாஷி கேளுங்கள்: கீரையை வேர்க்கடலைப் பொடியில் வேகவைத்தது. பூசணி இலையிலும் செய்வார்கள். நிலையத்துக்குப் பின்னால் பெண்கள் நடத்தும் தகரக் கொட்டகைகளில் சாப்பிட்ட நாளில் எங்களுக்கு வயிறு கெட்டதே இல்லை. கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடந்ததைச் சாப்பிட்ட அன்றுதான் கெட்டது.

லுசாக்காவிலிருந்து சிப்பாட்டா ஒரு முழுப்பகல். அடுத்த நாள் எல்லை தாண்டி லிலோங்வே, பிறகு ஏரி. மலாவியில் அவசரம் என்ற ஒன்றை விட்டுவிடுங்கள். "முலி ப்வாஞ்சி" என்பார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று. "ந்டிலி ப்வினோ, கயா இனு" என்று நன்றாக இருப்பதாகச் சொல்லி, திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முறையாவது. ஏரி 580 கிலோமீட்டர் நீளம். எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், உப்பு மட்டும் இருக்காது. உலகில் வேறெங்கும் இல்லாத சிக்லிட் மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கேப் மக்ளியர் என்ற கிராமத்தில் ஐந்து இரவு இருந்தோம். நிலவில்லாத இரவுகளில் மீனவர்கள் விளக்கோடு படகில் போவார்கள், ஏரி ஓரம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள் வரிசை கட்டும். 1951 முதல் ஓடிவரும் இலாலா என்ற பயணக் கப்பல் லிக்கோமா தீவுக்குப் போகும். எந்த வாரம் ஓடுகிறது என்று துறையில் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள், அதை நம்பித் திரும்பும் விமானத்தை வைக்காதீர்கள்.

ஏரியின் தென்முனையில் ஷிரே ஆறு வெளியேறுகிறது. அது மொசாம்பிக்கில் போய் ஜாம்பெசியில் சேரும், ஜாம்பெசி இந்தியப் பெருங்கடலில். கசுங்குலா பாலத்தில் காலுக்குக் கீழே ஓடிய அதே ஆறு.

இதை வைத்து விமான டிக்கெட் எடுங்கள்: போவது கேப் டவுனுக்கு, திரும்புவது லிலோங்வேயிலிருந்து. ஏரியில் குளிக்காமல் யாராலும் இருக்க முடியாது. ஆனால் கரையோர நாணலில் உள்ள நத்தைகள் மூலம் பில்ஹார்சியா என்ற புழு தோல் வழியே உடம்புக்குள் நுழையும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் ஏரியில் இறங்கிய விவரத்தைச் சொல்லுங்கள். ஆறெட்டு வாரம் கழித்து பிராசிகுவாண்டல் மாத்திரை தருவார்கள். நாங்கள் இருவரும் ஒரே மாலை, தொலைபேசியில் முகம் பார்த்தபடி, அதை விழுங்கினோம். அவன் விழுங்குவதை நான் பார்த்தேன்.